பலடோனியா முதல் கைகுனா வரை: வளைவே இல்லாத ஒரு பகல்

பெர்த்திலிருந்து சிட்னி வரை சைக்கிளில் போகப் போகிறோம் என்று சொன்ன நாள் முதல், ஆஸ்திரேலியாவில் நெடுநாள் வாழ்ந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: நல்லார்பர் என்ற வறண்ட சமவெளிப் பகுதியை எப்படிக் கடப்பீர்கள்? மேற்கே நார்ஸ்மன் என்ற சிற்றூரை விட்டால், கிழக்கே சிடூனா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு ஊர் என்று சொல்லத்தக்க எதுவும் அவ்வழியே செல்லும் ஏர் (Eyre) நெடுஞ்சாலையில் கிடையாது. இடையிடையே ரோடுஹவுஸ்கள் மட்டும் உண்டு. ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு சமையற்கூடம், சில அறைகள், கேரவன் நிறுத்தக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான் ஒரு ரோடுஹவுஸ். அவற்றுக்கு இடையேயான தூரம்தான் சைக்கிள்காரரின் அன்றைய பொழுதை முடிவு செய்கிறது. நார்ஸ்மனிலிருந்து பலடோனியா 191 கிலோமீட்டர். பலடோனியாவிலிருந்து கைகுனா 182 கிலோமீட்டர். இரண்டாவதுதான் தூரத்தில் சிறியது, ஆனால் மனத்துக்குப் பெரியது. ஏனென்றால் அந்த 182-இல் 146.6 கிலோமீட்டர் சாலை ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகப் போகிறது. ஆஸ்திரேலியாவின் மிக நீண்ட நேர்ச்சாலை என்று அதன் தொடக்கத்தில் பெரிய பலகையே வைத்திருக்கிறார்கள். இந்தப் பதிவு அந்த ஒரு நாளைப் பற்றியது.

நாங்கள் எட்டுப் பேர் ஓட்டுகிறோம். தண்ணீர், உணவு, கூடாரம், உதிரிப் பாகங்கள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஒரு வேன் கூட வருகிறது. அதை ஓட்டுபவர் பெர்த்தில் பல ஆண்டுகளாக வசிக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். முழங்கால் ஒத்துழைத்திருந்தால் தாமும் ஓட்டியிருப்பேன் என்று அடிக்கடி சொல்வார்; ஆனால் அவர் வேனில் இருப்பதே எங்களுக்கு நல்லது என்பது என் கருத்து. இரு ரோடுஹவுஸ்களுக்கு நடுவே குழாய் கிடையாது, கடை கிடையாது, பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பும் கிடையாது. ரோடுஹவுஸிலும் தண்ணீர் தாராளமாகக் கிடைத்துவிடாது. சுண்ணாம்புக்கல் நிலம் மழைநீரை உள்ளே உறிஞ்சிவிடுவதால் மேற்பரப்பில் ஆறோ குளமோ இல்லை. நிலத்தடி நீரோ பெரும்பாலும் உப்பு. ஆகையால் குடிநீர் முழுவதையும் வேனில் ஏற்றி, ஒவ்வொருவரும் மணிக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதையும் அண்ணன் எழுதி ஒட்டியிருந்தார்.

முந்தின இரவு பலடோனியாவில் தங்கினோம். 1979 ஜூலையில் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் கட்டுப்பாடிழந்து விழுந்தபோது அதன் துண்டுகள் எஸ்பரன்ஸ் நகரிலிருந்து இந்தப் பக்கம் வரை சிதறின. குப்பை போட்ட குற்றத்துக்காக எஸ்பரன்ஸ் உள்ளாட்சி மன்றம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்த கதையை ரோடுஹவுஸின் சிறிய அருங்காட்சியகத்தில் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். வானத்திலிருந்து விழுந்த இரும்பைக்கூட எடுத்து வைத்து ஒரு சுவர் முழுக்கக் கதை சொல்லும் அளவுக்கு இங்கே நிகழ்வுகள் அரிது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கே கண்ணை இழுத்ததால் மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். செப்டம்பர் மாதம் என்பதால் பகலில் வெயில் கடுமையாக இருக்காது; ஆனால் விடியுமுன் குளிர் ஒற்றை இலக்கத்தில் நின்றது. இந்நேரத்தில் கங்காருக்கள் சாலையோரம் மேய வரும். முன்னால் செல்பவரின் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னினால் எல்லாரும் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது விதி. ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்தால் லாரிக்கு முகப்பு நசுங்கும். சைக்கிளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம் வரும் வரை மெதுவாகவே போனோம். இரவில் லாரியில் அடிபட்டுச் சாலையோரம் கிடந்த கங்காரு ஒன்றின் மேல் ஆப்புவால் கழுகு ஒன்று உட்கார்ந்திருந்தது. இறக்கையை விரித்தால் ஆளை விட அகலமான பறவை. நாங்கள் மிக அருகில் வரும் வரை நகரவில்லை. தன் காலை உணவை விட்டுக்கொடுக்கும் எண்ணம் அதற்கு இல்லை.

சூரியன் நேர் எதிரே எழுந்தது. சாலை ஏறத்தாழச் சரியாகக் கிழக்கு நோக்கிச் செல்வதால் அன்று பகல் முழுவதும் சூரியனையே கடிகாரமாக வைத்துக்கொள்ள முடிந்தது: காலையில் முகத்தில், உச்சியில் இடக்கைப் பக்கம், மாலையில் முதுகில். உச்சிவேளைச் சூரியன் வடக்கே நிற்கும் இந்த அரைக்கோளத்துக்கு வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும், கிழக்கே போகும்போது இடக்கை மட்டும் கருப்பதை நான் இந்தப் பயணத்தில்தான் கவனித்தேன்.

சூரியனோடு காற்றும் எதிரே வந்தது. மேற்கிலிருந்து கிழக்கே போவதைத் தேர்ந்தெடுத்ததே காற்றை நம்பித்தான். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் இந்தத் தென்கடற்கரையில் மேற்குக் காற்றே மிகுதி என்பதால் பெரும்பாலான சைக்கிள்காரர்கள் இந்தத் திசையில்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் உயர் அழுத்த மண்டலம் ஒன்று கிழக்கே நகர்ந்து நின்றுவிட்டால், அதன் மேற்கு ஓரத்தில் இருப்பவர்களுக்கு வடகிழக்கிலிருந்து காற்று வீசும். அன்று காலை அதுதான் நடந்தது. வழக்கமாக மணிக்கு 25 கிலோமீட்டர் ஓட்டும் குழு 16-இல் திணறியது. காற்றின் எதிர்ப்பு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. எதிர்வரும் காற்றின் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். அதனால் எதிர்க்காற்றில் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிப்போம் என்று நினைப்பது வீண்செலவு. பொறுமையாக ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்வதுதான் வழி.

அப்படியே செய்தோம். முன்னால் இருப்பவர் காற்றை உடைக்க, அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி அடுத்தவர், அவருக்குப் பின் அடுத்தவர் என்று வரிசை. பின்னால் வருபவருக்கு உழைப்பில் கால்பங்குக்கு மேல் மிச்சமாகிறது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னவர் ஒதுங்கி வரிசையின் கடைசிக்குப் போவார். இதில் ஒரு நுட்பம் உண்டு: வலிமையானவர் முன்னால் வரும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது, நேரத்தைத்தான் கூட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டினால் கடைசி ஆள் அறுந்துபோவார், பிறகு அவருக்காகக் காத்திருப்பதில் கூட்டிய வேகம் எல்லாம் போய்விடும். எங்களில் மிக வேகமானவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். அவர் தம் முறையில் நான்கு கிலோமீட்டர் இழுத்தார். மிகக் களைத்திருந்த இளைஞர் ஐந்நூறு மீட்டர் மட்டும் இழுத்துவிட்டு ஒதுங்கினார். யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வந்ததும் அந்தப் பலகை தெரிந்தது. எல்லாரும் நிற்பது போல நாங்களும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நான் எதிர்பார்த்தது மரமே இல்லாத வெட்டவெளி. உண்மையில் அங்கே இருபுறமும் மல்லி எனப்படும் குட்டை யூகலிப்டஸ் மரங்களும், சாம்பல் நீலத்தில் உப்புப் புதர்களும் அடர்ந்திருக்கின்றன. உண்மையான மரமற்ற சமவெளியை நெடுஞ்சாலை இன்னும் கிழக்கே, தெற்கு ஆஸ்திரேலியாவில்தான் சிறிது தூரம் தொடுகிறது. அதன் நடுவே ஓடுவது ரயில்பாதை. அங்கே 478 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் வளையாமல் கிடக்கிறது. உலகிலேயே மிக நீண்ட நேர்த்தண்டவாளம் அது. அதோடு ஒப்பிட்டால் எங்களுடைய 146.6 சிறுபிள்ளைத்தனமானது என்று ஆசிரியை சொன்னார். அந்த நேரத்தில் அது ஆறுதலாக இல்லை.

தண்ணீரே இல்லை என்று நான் மேலே எழுதியது சைக்கிள்காரரின் பார்வை. இப்பகுதியின் மேற்குப் பாகம் ஙாஜு என்ற பூர்வகுடி மக்களின் நிலம். பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீர் எங்கே கிடைக்கும், எந்தக் குழியை மூடி வைக்க வேண்டும், மல்லி மரத்தின் வேரை எப்படித் தோண்டி நிறுத்தி நீரை வடிக்க வேண்டும் என்பதெல்லாம் அறிந்தவர்கள் பல்லாயிரம் ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். 1841-இல் இதன் தெற்கே, கடலோரமாக நடந்து கடந்த எட்வர்ட் ஜான் ஏரின் பெயர் நெடுஞ்சாலைக்கு இருக்கிறது. அவருடன் முடிவுவரை நடந்த வைலி என்ற நூங்கர் பூர்வகுடி இளைஞரின் பெயர் அதில் இல்லை. சாலை போரின் நெருக்கடியில் 1941-இல் போடத் தொடங்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியப் பகுதி முழுவதும் தார் கண்டது 1969-இல், தெற்கு ஆஸ்திரேலியப் பகுதி 1976-இல்.

நேர்ச்சாலை உடம்புக்கு ஏன் கடினம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மலைப்பாதையில் ஏறும்போது எழுந்து நின்று மிதிப்போம். இறங்கும்போது கால்களை நிறுத்தி உடலை நீட்டிக்கொள்வோம். வளைவில் எடையை மாற்றுவோம். இங்கே எதுவும் இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் எதிர்க்காற்று உடனே நிறுத்திவிடும். ஒரே கியர், ஒரே குனிவு, சீட்டில் ஒரே இடம். இரண்டு மணி நேரத்தில் இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின; ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் ஓரம் இடைவிடாமல் அழுந்துவதால் அங்குள்ள நரம்பு செய்கிற வேலை அது. ஆகவே வலிந்து மாற்றங்களை உண்டாக்கிக்கொண்டோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுந்து நின்று இருபது மிதி. பிறகு கை மாற்றம். பிறகு ஒரு மடக்குத் தண்ணீர்.

மனத்துக்கும் அப்படியே ஏதாவது வேண்டியிருந்தது. சாலை முழுத் தட்டையன்று. மிக நீளமான, மிகத் தாழ்வான மேடுகள் வரிசையாக வருகின்றன. ஒரு மேட்டின் மேல் ஏறினால் அடுத்த மேடு வரை சாலை தெரியும், அங்கே ஒரு புள்ளி தெரியும். அது லாரியா, கேரவனா, கானலா என்று பந்தயம் கட்டுவோம். புள்ளி எங்களை வந்தடையச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் இரண்டு பாட்டு முடிந்துவிடும். தூரத்தை முழுதாக நினைத்தவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள் என்பதைப் பார்த்தேன். சைக்கிள் மீட்டரில் தூரத்தைக் காட்டும் திரையை மாற்றிவிட்டு நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் நிதானமாக இருந்தார்கள். நான் எண்பதாவது கிலோமீட்டரில் இரண்டாவது கூட்டத்துக்கு மாறினேன்.

வேனிலிருந்து அண்ணன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் புட்டியைக் கையில் திணித்தார். "பிள்ளை, தாகம் எடுத்தாப் பிறகு குடிக்கிறது பிந்தின வேலை. இப்பவே குடியும்," என்று அவர் சொல்லும்போது மறுக்க முடியாது.

எதற்காக இதெல்லாம் என்பதைச் சொல்ல வேண்டிய இடம் இது. நாங்கள் திரட்டும் பணம், தொலைதூர நோயாளிகளை விமானத்தில் ஏற்றிவரும் ராயல் பறக்கும் மருத்துவர் சேவைக்குப் போகிறது. நான் பெர்த்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஜண்டகாட் விமானத் தளத்திலிருந்து ஆம்புலன்சில் வரும் நோயாளிகளை வாங்கிக்கொள்வது எங்களுக்கு அன்றாட வேலை. சுரங்கத்தில் கால் நசுங்கியவர், மாட்டுப் பண்ணையில் மாரடைப்பு வந்தவர், இந்த நெடுஞ்சாலையில் கார் கவிழ்ந்தவர். அவர்கள் வந்த தூரத்தைக் காகிதத்தில் படித்திருக்கிறேன். எழுநூறு கிலோமீட்டர், ஆயிரம் கிலோமீட்டர் என்று அதில் எழுதியிருக்கும். எண்ணாகப் படிப்பதும் அதை மணிக்கு 16 கிலோமீட்டரில் கடப்பதும் ஒன்றல்ல. கைகுனாவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் மேற்கே உள்ள முதல் மருத்துவமனை நார்ஸ்மனில், 373 கிலோமீட்டருக்கு அப்பால். அதுவும் சிறிய மருத்துவமனை. கால்கூர்லிதான் அடுத்தது, விமானம் புறப்படும் தளமும் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சேவைக்குப் பின்னால் ஒரு பழைய துயரக் கதை உண்டு. 1917-இல் வடமேற்கில் ஹால்ஸ் கிரீக் அருகே ஜிம்மி டார்சி என்ற மாடு மேய்ப்பவர் குதிரையிலிருந்து விழுந்து படுகாயமடைந்தார். பெர்த்தில் இருந்த மருத்துவர் ஒருவர் தந்தியில் மோர்ஸ் குறியீடு மூலம் வழிகாட்ட, உள்ளூர் அஞ்சல் அலுவலர் பேனாக்கத்தியால் அறுவை செய்தார். அறுவை வெற்றி. ஆனால் மருத்துவர் கப்பலிலும் காரிலும் குதிரையிலுமாக வந்து சேர்வதற்கு முதல் நாள் டார்சி மலேரியாவும் சேர்ந்து வாட்டி இறந்துபோனார். பாதிரியார் ஜான் ஃபிளின் விடாமல் முயன்று, 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து முதல் மருத்துவ விமானத்தைப் பறக்க வைத்தார்.

விமானம் இருந்தால் போதுமா? பண்ணையில் இருப்பவர் எப்படி அழைப்பார்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் 1929-இல் கால்மிதி வானொலியைக் களத்துக்குக் கொண்டுவந்தார். மின்சாரம் இல்லாத வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சைக்கிள் பெடலைப் போன்ற ஒன்றை மிதித்தால் சிறு மின்னாக்கி ஓடும். இரண்டு கைகளும் செய்தி அனுப்ப விடுதலையாக இருக்கும். முன்பு செய்து பார்த்த கைச்சுழற்சி எந்திரத்துக்கு இன்னோர் ஆள் தேவைப்பட்டது. டிரேகரின் மிதிக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ 20 வாட். அன்று காலை எதிர்க்காற்றில் வரிசையின் முன்னால் நான் செலவிட்டது அதைப் போல எட்டு ஒன்பது மடங்கு இருக்கும். மிதிப்பதற்கும் இந்தச் சேவைக்கும் உள்ள உறவு விளம்பரத்துக்காக நாங்கள் கண்டுபிடித்ததல்ல.

"அந்த நேரத்தில் வேலை பார்த்து, பணத்தை மட்டும் அனுப்பியிருக்கலாமே?" என்று என் அத்தை தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. அறக்கொடைப் பயணம் என்ற பெயரில் வந்த நன்கொடையிலேயே விமானச் சீட்டும் விடுதியும் எடுத்துக்கொள்ளும் குழுக்களும் இருக்கின்றன. அதை நான் ஏற்பதில்லை. எங்கள் குழுவில் சாப்பாடு, எரிபொருள், தங்குமிடம் எல்லாம் எங்கள் சொந்தக் காசு. மற்றவர் கொடுப்பது முழுவதும் சேவைக்கே போகிறது. அப்படி வைத்துக்கொண்டால், மிதிப்பது ஒரு சாக்கு என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. மனிதர்கள் கொடுக்க ஒரு சாக்கு வேண்டும். யாரோ கேட்கவும் வேண்டும். இச்சேவையின் அன்றாடச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றாலும், விமானங்கள் வாங்கவும் அவற்றுக்குள் மருத்துவக் கருவிகள் பொருத்தவும் நன்கொடை தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

நூறாவது கிலோமீட்டர் தாண்டியதும் மதிய உணவுக்கு நின்றோம். வேனின் நிழலில் பாய் விரித்து, முந்தின நாள் நான் கிளறி வைத்திருந்த புளியோதரையைப் பிரித்தோம். சத்துக் கட்டிகளையும் இனிப்புக் கூழ்களையும் நாட்கணக்கில் தின்று அலுத்த வெள்ளைக்கார நண்பர்களுக்கு உப்பும் புளிப்பும் எண்ணெயும் சேர்ந்த அந்தச் சோறு எப்படி இறங்கியது என்பதற்குக் காலியான பாத்திரமே சாட்சி. நீண்ட ஓட்டத்தில் உடல் இழப்பது உப்பைத்தான். நம் வீட்டுக் கட்டுச்சோறு அதற்கென்றே ஆனது. ஈக்கள் மட்டும் பங்கு கேட்டு வந்தன. தலைக்கவசத்தோடு முகவலையையும் போட்டுக்கொண்டு, வலையைச் சற்றுத் தூக்கித் தூக்கிச் சாப்பிட வேண்டியிருந்தது.

சாப்பிடும்போது ஆர்தர் ரிச்சர்ட்சன் பற்றிப் பேச்சு வந்தது. 1896-இல் கூல்கார்டியிலிருந்து அடிலெய்டு வரை 31 நாட்களில் சைக்கிளில் வந்து, நல்லார்பரைச் சைக்கிளில் கடந்த முதல் மனிதர் என்று பெயர் பெற்றவர். தார்ச்சாலை இல்லை, கியர் இல்லை. வழிகாட்டத் தந்திக் கம்பம் மட்டும். மூன்று ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியா முழுவதையும் சுற்றி வந்தார். வேனும் புளியோதரையும் வைத்துக்கொண்டு காற்றைப் பற்றிப் புலம்புகிற நாங்கள் அதற்கு மேல் அவரைப் பற்றிப் பேசுவதை நாகரிகமாக நிறுத்திக்கொண்டோம்.

பகல் ஏற ஏறக் காற்று வடக்குக்குத் திரும்பியது. உள்நாட்டுப் பாலையிலிருந்து வரும் வறண்ட, சூடான காற்று. எதிர்க்காற்று போனது நல்லதுதானே என்று நினைக்கலாம். எனக்கு அன்றைய பகலின் மிக மோசமான பகுதி அந்தப் பக்கக்காற்றுதான். இடப்பக்கத்திலிருந்து வீசும் காற்றுக்கு ஒளிய வேண்டுமானால், பின்னால் வருபவர் முன்னவருக்கு வலப்புறமாகச் சரிந்து ஓட்ட வேண்டும். அதாவது சாலையின் நடுவை நோக்கி. பல இழுவைப் பெட்டிகளைக் கோத்த, முப்பத்தாறு மீட்டர் நீளமுள்ள ரோடு டிரெயின் லாரிகள் பின்னாலிருந்து வரும் சாலையில் அது தற்கொலை. ஆகவே ஒளிவதைக் கைவிட்டு, வெள்ளைக் கோட்டின் ஓரமாக ஒவ்வொருவரும் தனித்தனியே காற்றை வாங்கிக்கொண்டோம்.

லாரி ஓட்டுநர்களைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். வேனில் உள்ள வானொலியில் நாற்பதாம் அலைவரிசையில் அண்ணன் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்தார்: கிழக்கே போகும் எட்டு சைக்கிள்கள், இன்ன இடத்தில். ஓட்டுநர்கள் பதில் சொல்லி, எதிரே வண்டி இல்லாதபோது முழுத் தடத்தையும் விட்டு விலகிக் கடந்தார்கள். எதிரெதிராக இரண்டு ரோடு டிரெயின்கள் எங்கள் அருகில் சந்திக்கப் போகின்றன என்று தெரிந்தால் அண்ணன் ஒலிப்பானை இருமுறை அடிப்பார். உடனே அனைவரும் சரளைக்கு இறங்கி நின்றுவிடுவோம். அதில் மானப் பிரச்சினை கிடையாது. ரோடு டிரெயின் கடக்கும்போது முதலில் ஒரு காற்றுச் சுவர் இடப்புறம் தள்ளும். அது கடந்து முடிவதற்குள் அதே வேகத்தில் வலப்புறம் இழுக்கும். வடகாற்றும் வலப்புறமே தள்ளிக்கொண்டிருந்ததால் அந்த இழுப்பின்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கையைத் தளர்த்தி உடலால் மட்டும் சாய்ந்து கொடுக்கப் பழக வேண்டியிருந்தது.

லாரிகள் விட்டுச்செல்லும் இன்னொன்றுதான் எங்களுக்கு உண்மையான பகை. வெடித்த டயர்களின் ரப்பர் பட்டைகள் ஓரமெங்கும் கிடக்கின்றன. அவற்றிலிருந்து உதிரும் மயிரிழை போன்ற எஃகுக் கம்பிகள் சைக்கிள் டயருக்குள் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாது. டியூப்பை மாற்றினால் போதாது. டயரின் உட்புறத்தை விரலால் தடவிக் கம்பியைக் கண்டுபிடித்து இடுக்கியால் உருவ வேண்டும், இல்லாவிட்டால் புது டியூப்பும் அடுத்த கிலோமீட்டரில் போய்விடும். பிற்பகலில் ஆசிரியைக்கு அப்படி ஒன்று ஆனது. அவர் டயரைத் தடவிக்கொண்டிருந்தபோது நான் மேற்கே திரும்பிப் பார்த்தேன். அடிவானத்தில் நீளமாக, கருநீலமாக ஒரு மேகக்கரை எழும்பி நின்றது.

தென்கடலிலிருந்து வரும் குளிர்முகப்பு, அதாவது குளிர்காற்றின் முன்விளிம்பு, அது. வருமுன் வடகாற்று சூடாக வீசுவதும், வந்த கணத்தில் காற்று தென்மேற்குக்குத் தாவுவதும் இந்தக் கடற்கரையில் வாடிக்கை. படித்திருக்கிறேன், பெர்த்திலும் பார்த்திருக்கிறேன். ஆனால் சைக்கிள் மேலிருந்து அதைக் காத்திருந்து பார்த்தது இதுவே முதல் தடவை. முதலில் காற்று அடியோடு நின்றது. ஈக்கள் காணாமல் போயின. பிறகு மண்வாசம் வந்தது. அடுத்த சில நிமிடங்களில் முதுகில் குளிர்காற்று அறைந்தது. வெப்பம் பத்துப் பாகைக்கு மேல் இறங்கியிருக்கும். மழை பெரிதாக இல்லை, சட்டை நனையும் அளவுக்குத்தான். காற்றோ வலப்பின்புறத்திலிருந்து முழுவேகத்தில் தள்ளத் தொடங்கியது. காலையில் 16-க்கு மூச்சுவாங்கிய அதே கால்கள் இப்போது பேசிக்கொண்டே 33 போயின. கடைசி அறுபது கிலோமீட்டரை, பஞ்சர் போட்ட நேரம் போக, இரண்டு மணி நேரத்தில் கடந்தோம். திறமை என்று அதில் எதுவுமில்லை. காலையில் வேகம் குறைந்ததற்கு யாரும் வெட்கப்பட்டிருக்கத் தேவையில்லை என்பதும் அதே கணக்குதான்.

அந்த ஓட்டத்தின்போது ஓரிடத்தில் சாலை திடீரென்று அகலமானது. தாரின் மேல் விமான ஓடுதளங்களில் இருப்பது போன்ற தடித்த வெள்ளைப் பட்டைகள் வரைந்திருந்தன. பறக்கும் மருத்துவர் சேவைக்கான அவசர இறங்குதளம் என்று பலகை அறிவித்தது. இந்த நெடுஞ்சாலையில் இப்படிச் சில இடங்கள் உண்டு. விபத்து நேர்ந்தால் இருபக்கமும் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, விமானம் சாலையிலேயே இறங்கும். அவர்கள் ஓட்டும் பிலாட்டஸ் பிசி-12 குறுகிய, கரடுமுரடான தளங்களிலும் இறங்கக்கூடியது. நான் வேலையில் காகிதத்தில் பார்த்த "சாலையில் ஏற்றப்பட்டார்" என்ற வரிக்கு இதுதான் இடம். எட்டுப் பேரும் பட்டைகளின் மேல் அகலமாகப் பரவி ஓட்டினோம். பின்காற்று கிடைக்கும்போது நிற்க மனம் வரவில்லை என்பதால் படம்கூட எடுக்கவில்லை.

சாலை முதன்முறையாக வளைந்தபோது ஆசிரியை கையை நீட்டி வளைவைச் சுட்டிக்காட்டினார், பள்ளத்தைச் சுட்டிக்காட்டுவது போல. எல்லாரும் கத்தினோம். கைகுனாவுக்கு அருகே நிலத்தடிக் குகைகள் மூச்சுவிடும் ஒரு துளை இருக்கிறது. வெளியே காற்றழுத்தம் மாறும்போது சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து காற்று வீசும் அல்லது உள்ளே இழுக்கும். குளிர்முகப்பு கடந்த அந்த வேளையில் அது எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. மற்றவர்களுக்குச் சூடான உருளைக்கிழங்கு வறுவலில்தான் ஆசை. வறுவலுக்கே வாக்குகள் விழுந்தன.

ஐந்து மணிக்குச் சற்று முன் ரோடுஹவுஸை அடைந்தோம். ஐந்தரைக்குள் இருட்டிவிட்டது. பெர்த்தின் கடிகாரத்தையே இவ்வளவு கிழக்கிலும் வைத்திருப்பதால் சூரியன் அநியாயமாகச் சீக்கிரம் மறைகிறது. அதைச் சரிசெய்யத்தான் கைகுனாவைத் தாண்டியதும் மாநில எல்லை வரை, சட்டத்தில் இல்லாவிட்டாலும் வழக்கத்தில் உள்ள ஒரு தனி நேரம் நடைமுறையில் இருக்கிறது: பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னால். கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொல்லிச் சாலையோரத்தில் பலகை உண்டு.

உணவுக்கூடத்தில் ரோடு டிரெயின் ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பதாம் அலைவரிசையில் கேட்ட குரல் யாருடையது என்று விசாரித்து அண்ணனிடம் கைகொடுத்தார். உண்டியலில் ஐம்பது டாலர் தாள் ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த முறை சைக்கிள்களை என் வண்டியில் ஏற்றிவிடுங்கள், காலைக்குள் பெர்த்தில் இறக்கிவிடுகிறேன் என்றார். அவர் போவது மேற்கே என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

மறுநாள் காக்கிள்பிடி வரை 65 கிலோமீட்டர்தான். அதனால் காலை எட்டு மணிக்குக் கிளம்பலாம் என்று அண்ணன் அறிவித்தார். பழைய எட்டா, புது எட்டா என்று இளைஞர் கேட்டார். சாப்பிட்டு முடிக்கும் வரை அதைப் பற்றித்தான் வாதம். இறுதியில், இன்னும் பலகையைக் கடக்காததால் பழைய நேரமே செல்லும் என்று ஆசிரியை தீர்ப்பளித்தார். 45 நிமிடம் கூடுதலாகத் தூங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, செயினுக்கு எண்ணெய் போடுவதைக்கூடக் காலைக்கு ஒத்திவைத்துவிட்டு எல்லாரும் அறைக்குப் போனோம்.